20 ஆடு, 15 குட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த செம்மறி ஆட்டுப் பண்ணைக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு கணக்கு போட்டிருந்தீர்கள். 20 பெட்டை ஆடு, இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று, ஈற்றுக்கு இரண்டு குட்டி, ஆக வருடத்துக்கு 60 குட்டி. அந்த 60-ஐ விலையால் பெருக்கி, தீவனம் மருந்து என்று ஒரு சின்னத் தொகையைக் கழித்து, மிச்சத்தை லாபம் என்று கட்டம் கட்டிப் போட்டுவிட்டீர்கள். பெருக்கலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆட்டுக்குத்தான் பெருக்கல் தெரியாது.

நான் ஏழு வருடமாக ஆடு வளர்க்கிறேன். ஆரம்பித்ததே இதே மாதிரி ஒரு கணக்கைப் பார்த்துத்தான், அதனால் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கு எத்தனை பேர் பேனாவை எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகவாவது என் நோட்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பணத்தில் சொல்லப் போவதில்லை. விலை ஊருக்கு ஊர் வேறு, மாதத்துக்கு மாதம் வேறு, இன்று நான் எழுதும் தொகை அடுத்த வருடம் யாருக்கும் பயன்படாது. எங்கள் வீட்டு நோட்டில் எல்லாச் செலவையும் குட்டியில்தான் எழுதுவோம். தீவனத்துக்கு இத்தனை குட்டி போனது, மருந்துக்கு இத்தனை குட்டி போனது என்று. ஒரு குட்டி விற்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அளவு. இப்படி எழுதிப் பார்த்தால் செலவு கண்ணுக்கு முன்னால் நாலு காலில் நடந்து போவது தெரியும்.

மூன்றாவது வருடம். எனக்கு ஓரளவு தொழில் பிடிபட்டிருந்த வருடம் அது, முதல் வருடத்துச் சோதனையை எல்லாம் இதில் சேர்க்கவில்லை. 20 பெட்டைக்குக் கிடா சேர்த்தேன். 18 சினை பிடித்தது. அதில் ஒன்று நாலாம் மாதம் குட்டி வீசிவிட்டது, மிச்சம் 17 ஈன்றன. ஐந்து ஆடு இரட்டைக் குட்டி, மற்றவை ஒற்றை, ஆக 22 குட்டி. முதல் வாரத்திலேயே இரண்டு போனது, பால் மறப்பதற்குள் இன்னொன்று கழிச்சலில் போனது. 19. கிழடாகிவிட்ட நாலு ஆட்டைக் கழித்து அந்த இடத்துக்கு நாலு பெட்டைக் குட்டியை நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாறு வருடத்தில் மந்தையே இருக்காது. விற்கக் கையில் நின்றது 15 குட்டி.

உங்கள் கட்டத்தில் 60. என் பட்டியில் 15.

இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று என்பது பொய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினைக்காலம் ஐந்து மாதம், சராசரியாக 147 நாள் என்பார்கள். மூன்று மாதம் பால் கொடுத்து மறுபடி சினையானால் எட்டு மாதத்துக்கு ஒரு ஈற்று, கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் பால் கொடுத்து வற்றிப்போன உடம்பு மூன்றே மாதத்தில் மறுபடி பருவத்துக்கு வர வேண்டும் என்றால் அதற்குத் தீனி போட்டு உடம்பைத் தேற்ற வேண்டும். அந்தத் தீனி யார் வீட்டில் இருந்து வரும்? சில இன ஆடுகள் பகல் நேரம் குறையும் காலத்தில்தான் பருவத்துக்கே வரும், அவற்றிடம் எட்டு மாதக் கணக்கு எடுபடாது. நானும் ஒரு முறை முயன்று பார்த்தேன். இரண்டாவது ஈற்றுக்குப் பாதி ஆடு சினை பிடிக்கவில்லை, பிடித்தவை ஈன்ற குட்டிகள் பூனைக்குட்டி மாதிரி இருந்தன. இப்போது வருடத்துக்கு ஒரு ஈற்றுதான், அதுவும் நிலத்தில் புல் வரும் நேரத்துக்குச் சரியாகக் குட்டி விழுகிற மாதிரி கிடாவைச் சேர்க்கிறேன்.

சரி, அந்த 15 குட்டிக்கு வருவோம். மேய்ச்சல் இல்லாத நாலு மாதத்துக்கு விலைக்கு வாங்கிய தீவனத்துக்கு 6 குட்டி. தடுப்பூசி, பூச்சி மருந்து, இரண்டு தடவை மருத்துவர் வந்து போனது எல்லாம் சேர்த்து 1. வேலியும் கொட்டகைக் கூரையும் 1. கிடாவுக்கு 1. பெற்ற பெட்டையையே அது கூடாமல் இருக்க இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கிடாவை மாற்ற வேண்டும், அந்தச் செலவை வருடத்துக்குப் பிரித்தால் ஒரு குட்டி வருகிறது. கழித்த நாலு கிழட்டு ஆட்டை விற்ற காசு, ஆடு வாங்கிய கடனின் வட்டிக்குச் சரியாகப் போய்விட்டது. மிச்சம் 6 குட்டி.

இதை வைத்துக்கொண்டு பரவாயில்லையே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள், "ஏங்க, இதுல நம்ம கூலி எங்க இருக்கு?" என்று. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அவள் விடவில்லை. அடுத்த ஒரு மாதம் நாங்கள் இருவரும் ஆட்டுக்காக எவ்வளவு நேரம் செலவழிக்கிறோம் என்று காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தாள். தினம் சராசரி இரண்டரை மணி நேரம். ஆட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆகவே 365-ஆல் பெருக்க வேண்டும், 900 மணி நேரத்துக்கு மேல் வரும். 6 குட்டிக்கு 900 மணி நேரம் என்றால் ஒரு குட்டிக்கு 150 மணி நேரம். அதே 150 மணி நேரம் இன்னொருவர் நிலத்தில் கூலிக்குப் போயிருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவரவர் ஊர்க் கூலியை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த விடை பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஆட்டைக் குறைத்தோம்.

20-ஐ 14 ஆக்கினோம். பார்த்தவர்கள் எல்லாம் தொழில் நொடித்துவிட்டது என்று நினைத்தார்கள், ஒருவர் துக்கம் விசாரிக்கிற குரலில் விசாரித்துவிட்டே போனார். அடுத்த வருடம் 14-இல் 13 ஈன்றன, ஆறு இரட்டை, 19 குட்டி. ஒன்று போனது, 18. மூன்று பெட்டையை நிறுத்திக்கொண்டோம். விற்றது 15 குட்டி. எண்ணிக்கையைக் கவனியுங்கள், முன்பு 20 ஆடு கொடுத்த அதே 15. வாங்கிய தீவனத்துக்கு 6 குட்டி போன இடத்தில் இப்போது 2 போனது. மருந்துக்கு 1, வேலிக்கு 1. ஒரு கிடா 25, 30 பெட்டைக்குத் தாங்கும், 14 பெட்டைக்கு ஒன்றை வைத்துத் தீனி போடுவது வீண் என்று பக்கத்துப் பண்ணையோடு பங்கு போட்டு வாங்கினோம், அதனால் அரைக் குட்டி. (பங்குக் கிடாவில் ஒரு ஆபத்து இருக்கிறது, அந்தப் பட்டியின் நோய் இந்தப் பட்டிக்கு வரும். இரண்டு பட்டிக்கும் ஒரே நாளில் ஊசி போடுகிற அளவுக்குப் பக்கத்துக்காரரோடு பழக்கம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.) மிச்சம் பத்தரைக் குட்டி. வேலை நேரம் இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. ஒரு குட்டிக்கு 70 மணி நேரம்.

எப்படி என்று கேட்பீர்கள். ஆறு ஆட்டின் வாயைக் குறைத்தோம், அவ்வளவுதான். 40 கிலோ எடையுள்ள ஒரு செம்மறி தினமும் தன் எடையில் 3 சதவீதமாவது தின்னும், பால் கொடுக்கும்போது 4 சதவீதம் வரை போகும். இது ஈரம் கழித்த கணக்கு. 3 சதவீதம் என்றே வைத்தாலும் நாளைக்கு 1.2 கிலோ, வருடத்துக்கு 438 கிலோ. 20 ஆட்டுக்கு எட்டே முக்கால் டன், குட்டியும் கிடாவும் தின்பது இதற்கு மேல். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான், ஆகவே இதையே பச்சையாகக் கொடுக்க வேண்டும் என்றால் 44 டன் புல். என் நிலம் அவ்வளவு கொடுக்காது என்பது எனக்கு மூன்று வருடம் தெரியவே இல்லை, ஏனென்றால் புல் செழித்து நிற்கிற மாதத்தைப் பார்த்து நான் ஆட்டை வாங்கியிருந்தேன். நிலம் காய்ந்து கிடக்கிற மாதத்தில் எத்தனை ஆட்டைத் தாங்கும் என்று பார்த்து வாங்கியிருக்க வேண்டும். 14 ஆடு என்றபோது நல்ல மாதத்தில் புல் மிஞ்சியது, அறுத்துக் காய வைத்தோம், அது கெட்ட மாதத்துக்கு ஆனது. அரைவயிறாக இருந்த 20 ஆடு கொடுத்ததை வயிறு நிறைந்த 14 ஆடு கொடுத்துவிட்டது. வயிற்றில் வளரும் குட்டியின் எடையில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அந்த ஆறு வாரம் தாய் ஆடு பட்டினி கிடந்தால் குட்டி சிறுத்துவிடும், மடியும் சிறுத்துவிடும், அப்புறம் பிறந்த பிறகு எந்த டானிக் ஊற்றியும் பிரயோசனம் இல்லை.

இது ஏதோ என் ஒரு பட்டியில் நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் 1982-இல் சுமார் 7 கோடி செம்மறிகள் இருந்தன. 1984-இல் இருந்து அங்கே அரசு மானியங்களை எடுத்தார்கள், தலைக்கு இவ்வளவு என்று ஆட்டின் எண்ணிக்கையைக் காட்டிப் பிழைக்கிற வழி அடைபட்டது. இன்று அங்கே இரண்டரைக் கோடிக்கும் குறைவாகத்தான் ஆடு இருக்கிறது. பால் மாட்டுக்கும் காட்டு மரத்துக்கும் நிறைய நிலம் போய்விட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் ஆடு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியபோதும் இறைச்சி அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. 1990 வாக்கில் 100 தாய் ஆட்டுக்கு 100 குட்டி எடுத்தவர்கள் இப்போது சுமார் 130 எடுக்கிறார்கள், ஒரு குட்டியின் சராசரி கறி எடையும் 14 கிலோவில் இருந்து 18 கிலோவுக்கு மேல் போய்விட்டது. ஆயிரக்கணக்கில் ஆடு வைத்திருப்பவர்களுக்கே இதுதான் வழி என்றால் 14 ஆட்டுக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்.

இரட்டைக் குட்டி என்று நான் எழுதியதும் சிலர் இரட்டைக் குட்டி இனம் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். இரட்டை போடுவது பாதி வேலை, இரண்டையும் காப்பாற்றுவது மீதி. போன ஈற்றில் நடந்ததைச் சொல்கிறேன். நடுராத்திரி, மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் குட்டி விழுந்து எழுந்து மடியைத் தேடிக்கொண்டிருக்கிறது, தாய் அதையே நக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது பின்னால் விழுந்ததை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போனபோது அது சவ்வு காயாமல் மண்ணில் கிடந்தது. வாய்க்குள் விரலை விட்டேன், நாக்கு ஜில்லென்று இருந்தது. குட்டியின் வாய் உள்ளே குளிர்ந்துவிட்டால் அதற்கு இன்னும் அதிக நேரம் இல்லை என்று அர்த்தம், அந்த நிலையில் உறிஞ்சவும் அதற்குத் தெம்பு இருக்காது. சாக்கில் துடைத்து, சட்டைக்குள் போட்டு, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அரை மணி நேரம் சூடேற்றினோம். பிறகு தாயிடம் சீம்பால் கறந்து கொடுத்தோம், கிலோவுக்கு 50 மில்லி என்ற கணக்கில், இரண்டரைக் கிலோ குட்டிக்கு 125 மில்லி. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அது உள்ளே போயாக வேண்டும். செம்மறிக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாகத்தான் போகிறது, குடல் அதை உள்வாங்குவதும் ஒரு நாளைக்குள் நின்றுவிடும். அந்தக் குட்டி நாலு மாதத்தில் தன் அண்ணனை முட்டித் தள்ளிவிட்டுத் தின்றது. அன்றைக்கு நான் தூங்கிப் போயிருந்தால் 15 என்பது 14 ஆகியிருக்கும். கட்டம் கட்டிய கணக்கில் இந்த ராத்திரிக்கு இடம் எங்கே?

வாங்குவதிலும் ஏமாந்திருக்கிறேன். முதல் வருடம் சந்தையில் இளம் ஆடு என்று சொல்லி ஒரு வியாபாரி என் தலையில் கட்டியதில் மூன்று ஆட்டுக்கு முன்பல்லே தேய்ந்து, ஒன்றுக்கு இரண்டு பல் விழுந்தும் போயிருந்தது. வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தெரியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை. பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒரு வயதைத் தாண்டியது, நாலு பல் இரண்டு வயது, ஆறு பல் மூன்று, எட்டும் வந்தால் நாலு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதற்கு மேல் தேய்மானம்தான். பல் இல்லாத ஆடு உங்கள் புல்லைத் தின்ன முடியாமல் உங்கள் அடர்தீவனத்தைத் தின்னும். சந்தையில் வாங்கிய ஆட்டை நேராகப் பட்டியில் விடக்கூடாது, மூன்று வாரமாவது தனியாகக் கட்டி வைக்க வேண்டும் என்பதையும் அந்த வருடம்தான் கற்றேன். ஆட்டுக்கொல்லி நோய் ஒன்று போதும், புதிதாக நுழைந்த மந்தையில் பாதிக்கு மேல் கொண்டுபோய்விடும். அதற்கு ஒரு தடுப்பூசி போட்டால் குறைந்தது மூன்று வருடம் தாங்கும். உலகம் முழுக்க 2030-க்குள் அந்த நோயை ஒழிப்பதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. அதுவரை ஊசி போடுவது நம் வேலை.

இன்னொரு முட்டாள்தனத்தையும் ஒத்துக்கொள்கிறேன். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவை ஒரு மூட்டை மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன் என்று ஆட்டுத் தீவனத்தில் கலந்து போட்டுவந்தேன். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை, ஆடுகள் நன்றாகவே இருந்தன. திடீரென்று ஒரு நாள் காலை ஒரு ஆடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது, கண் மஞ்சள், சிறுநீர் காப்பி நிறத்தில். அடுத்த நாள் செத்தது. இரண்டு நாளில் இன்னொன்று. தாமிரம். மாட்டுக்கு வேண்டிய அளவு தாமிரம் செம்மறிக்கு விஷம், அதன் ஈரல் அதை வெளியே தள்ளாமல் சேர்த்துக்கொண்டே போகும், நிறைந்ததும் ஒரே நாளில் ரத்தத்தில் கொட்டும். மிச்சம் பிடித்தது அரை மூட்டை உப்பு, போனது இரண்டு தாய் ஆடு. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், பன்றித் தீவனம் எதுவாக இருந்தாலும் செம்மறிக்குப் போடாதீர்கள், ஆட்டுக் கலவை என்று மூட்டையில் எழுதியிருந்தாலும் அது செம்மறிக்கா வெள்ளாட்டுக்கா என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளாடு இன்னும் கொஞ்சம் தாங்கும்.

குடற்புழுவைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரே வரி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுக்கவும். இதைப் படித்ததும்தான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இரத்தம் உறிஞ்சும் புழு, இரைப்பையில் இருக்கும், ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி உறிஞ்சும் என்பார்கள். கேட்கச் சின்னதுதான், ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி, ஒரு சின்ன டம்ளரில் பாதி, தினமும். அதற்காக எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் மருந்துக்குத் தப்பிக்கிற புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். 1961-இல் தயாபெண்டசோல் என்ற மருந்து வந்தபோது புழுக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள், 1964-லேயே அதற்குச் சாகாத புழு செம்மறியில் தென்பட்டுவிட்டது. பிறகு வந்த மருந்துகளுக்கும் அதே கதி. ஒரு மந்தையில் இருக்கும் புழுவில் பெரும்பங்கு கால்வாசி ஆடுகளிடம்தான் இருக்கும். எந்த ஆடு என்று கண்டுபிடிக்கத் தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்று ஓர் அட்டை உண்டாக்கினார்கள், கீழ்க் கண்ணிமையைப் பிதுக்கி உள்நிறத்தை ஐந்து நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் அதற்கு மட்டும் மருந்து. நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லாக் கண்ணையும் பார்க்கிறேன், 14 ஆட்டுக்கு அரை மணி நேரம் ஆகாது. எந்த ஆடு திரும்பத் திரும்ப வெளுக்கிறதோ அதைக் கழித்துவிடுகிறேன். மருந்துச் செலவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. புல்லை மண் தெரிய மேய விடாமல் ஆட்டை மாற்றிக்கொண்டே இருப்பதும் முக்கியம், புழுவின் இளம் பருவம் தரையில் இருந்து நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குள்தான் அதிகம் இருக்கும். அதிக ஆடு வைத்தவனுக்கு அங்கேதான் அடி: புல் குட்டையாகும், புழு ஏறும், மருந்து ஏறும்.

கம்பளியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சிறு பண்ணையில் கத்தரிக்கிற கூலிக்கே சாதாரணக் கம்பளி கட்டாது. கம்பளிக்கே பேர் போன ஆஸ்திரேலியாவில் விலையைத் தாங்கிப் பிடிக்க வைத்திருந்த திட்டம் 1991-இல் சரிந்து, விற்காத மூட்டைகள் 40 லட்சத்துக்கு மேல் குவிந்து கிடந்தன. இறைச்சிக்காக வளர்ப்பவர்கள் ரோமம் தானே உதிர்கிற இனத்தைத் தேடுவது அதனால்தான், 1930-களில் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய டார்ப்பர் அப்படிப்பட்டதுதான். அதற்காக ஊருக்குப் பொருந்தாத இனத்தைப் பெருமைக்கு வாங்க வேண்டாம், நம் வெயிலையும் நம் புல்லையும் பார்த்துப் பழகிய ஆடே போதும்.

விற்பனைதான் பலருக்கும் கோட்டைவிடுகிற இடம். வருடம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்த்துவிட்டு, விற்கிற அன்று ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவோம். வியாபாரி முதுகெலும்பை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு "18 கிலோ இருக்கும்" என்பார், அவர் கை எப்போதும் குறைத்தே நிறுக்கும். நான் ஒரு தொங்கு தராசு வாங்கினேன், ஒரு குட்டி விலைகூட ஆகவில்லை. முதல் நாள் அவர் 18 என்று சொன்ன குட்டியைத் தூக்கி மாட்டினால் 22. அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், ஆனால் அன்று பதினைந்தையும் நிறுத்துத்தான் கொடுத்தேன். விலை ஏறட்டும் என்று குட்டியை நிறுத்தி வைப்பதையும் தராசு வந்த பிறகு விட்டுவிட்டேன். நன்றாக வளர்கிற இளங்குட்டி ஒரு கிலோ எடை ஏற நாலைந்து கிலோ தீவனம் தின்னும், வளர்ச்சி நின்று கொழுப்பு ஏற ஆரம்பித்தால் அதே ஒரு கிலோவுக்கு ஏழு எட்டு என்று போகும். வாரா வாரம் நிறுத்து எழுதினால் எந்த வாரம் ஏற்றம் குறைகிறது என்று தெரியும், அந்த வாரம் விற்க வேண்டும். அந்த நேரம் விலை கொஞ்சம் குறைவாக இருந்தால்கூடச் சரிதான், காத்திருந்து தின்ன வைத்ததற்கு அது பரவாயில்லை.

லாபக் கணக்கில் நீங்கள் சேர்க்காத ஒரு வரவும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் அழுமூஞ்சி என்று நினைப்பீர்கள். ஒரு ஆடு தினமும் தன் எடையில் 4 சதவீதம் அளவுக்குப் புழுக்கையும் சிறுநீருமாக நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இரவில் பட்டியை வயலில் இடம் மாற்றி மாற்றிப் போட்டால் அள்ளுகிற வேலையே இல்லை. என் நிலத்துக்கு உரம் வாங்குவது பாதியாகக் குறைந்ததை நோட்டில் எழுதினால் இன்னும் ஒன்றரைக் குட்டி வரவு. அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் தாளையும் மரத்தடித் தழையையும் தின்று அதைக் கறியாக்குவதும் ஆடுதான். வேறு பயிரோடு சேர்ந்த பண்ணைக்கு ஆடு பொருந்துவதும், ஆட்டை மட்டும் நம்பி எல்லாத் தீவனத்தையும் விலைக்கு வாங்குகிறவர் திணறுவதும் இதனால்தான். கடனுக்கு ஆடு வாங்குபவர்கள் முதல் தவணை எப்போது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சினை பிடித்து, ஐந்து மாதம் சுமந்து, குட்டி நாலைந்து மாதம் வளர்ந்து விற்பனைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், தவணை மூன்றாம் மாதமே வந்து நிற்கும். சினை ஆட்டையே விற்று முதல் தவணை கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. வெற்றி பெற்ற பண்ணையாளர் பேட்டி போடுவதை நிறுத்த வேண்டாம், எனக்கும் படிக்கப் பிடிக்கும். அடுத்த முறை அவரிடம் மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். கிடா சேர்த்த ஆடு எத்தனை, அந்த வருடம் விற்ற குட்டி எத்தனை? விலைக்கு வாங்கிய தீவனத்துக்கு எத்தனை குட்டி போனது? பட்டியில் தினமும் யார் யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் உண்டா? மூன்றாவது கேள்வியை வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அவர் சொல்வதை அப்படியே அச்சிடுங்கள், பெருக்க வேண்டாம்.

இந்த வருடக் கணக்கையும் வேண்டுமென்றால் எழுதி அனுப்புகிறேன். இதுவரை 14-இல் 9 ஈன்றாகிவிட்டது, 13 குட்டி, எல்லாம் உயிரோடு இருக்கிறது. பத்தாவது காலையில் இருந்து தரையைக் கால் வைத்துப் பறித்துக்கொண்டு மூலையில் தனியாக நிற்கிறது, நான் எழுந்து போக வேண்டும்.

இப்படிக்கு,
14 ஆட்டுக்காரன்